பிள்ளைகள் அளந்த ஆறு

பாலர் பாடசாலை டீச்சரிடம் ஊர் எதிர்பார்ப்பது இரண்டே விஷயம். பிள்ளை அழாமல் இருக்க வேண்டும், ஆண்டு முடிவதற்குள் தன் பெயரை எழுதிக் காட்ட வேண்டும். இந்த இரண்டிலும் நான் சுமார்தான். பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போய் எதையாவது பார்க்க வைப்பதில்தான் எனக்கு ஆசை. "டீச்சர் புள்ளயள வெயிலுக்க கொண்டு திரியிறா" என்று தாய்மார் என் காதுபடவே சொல்வார்கள். நானும் காது கேளாதவள் போல இருந்துவிடுவேன்.

நான் நாவற்குடாவில் பிறந்து, செட்டிபாளையத்துக்கு அங்காலே உள்ள ஓர் ஊருக்குக் கல்யாணம் செய்து வந்தவள். எங்கள் பாலர் பாடசாலை ஒரு மண்டபமும் ஒரு சின்ன அறையும். பின்கதவைத் திறந்தால் ஆறு. புத்தகத்தில் அதற்கு வாவி என்று பெயர், இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. பின்கதவில் இருந்து இருபது எட்டு வைத்தால் தோணி கட்டும் துறை, அதற்கு நாலு கற்படி. அந்தப் படிகள்தான் எங்கள் மற்ற வகுப்பறை. நண்டு வளையில் எந்தப் பக்கம் மண் குவிந்திருக்கிறது, கொக்கு எந்தக் காலில் நிற்கிறது, தண்ணீரில் போட்ட எந்த இலை முதலில் தாழ்கிறது என்று பார்ப்போம். விடை எனக்குத் தெரியாத கேள்விகள்தான் அதிகம் வரும். வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்பேன். பாதி நாள் மறந்துவிடுவேன்.

அந்த ஆண்டு வந்த பதினெட்டுப் பிள்ளைகளில் ஒருத்தி, ஐந்து வயது நிரம்பாதவள், ஆற்றில் வலை வீசுகிற ஒருவருடைய மூத்த மகள். எழுத்தென்றால் அவளுக்கு வேப்பங்காய். 'அ' எழுதச் சொன்னால் ஒரு சுழி போட்டுவிட்டு வாசலைப் பார்ப்பாள். வெளியே விட்டால் வேறு பிள்ளை. மற்றவர்கள் கொக்கைப் பார்க்கும்போது இவள் கொக்கு எதைப் பார்க்கிறது என்று பார்ப்பாள். ஒரு நாள், "டீச்சர், தண்ணி இண்டைக்கு அங்கால போகுது, நேத்து இஞ்சால வந்த" என்றாள். பத்து வருஷமாக அந்தப் படியில் நிற்கிற நான் அதைக் கவனித்தது கிடையாது. எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. டீச்சர் அப்படி ஒரு பிள்ளையைத் தனியாகப் பிடித்துக்கொள்ளக் கூடாதுதான். என்ன செய்ய, பிடித்துவிட்டது.

கார்த்திகையில் மாரி மழை பிடித்தது. ஆறு நாளுக்கு நாள் ஏறியது. அதை அளக்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை. ஒரு நேரான பூவரசந்தடியைச் சீவி, சாணுக்கு ஒரு வளையமாகச் சிவப்புப் பெயின்ற் பூசி, கடைசிப் படிக்குப் பக்கத்தில் சேற்றில் நட்டேன். நட்டபோது அது என் நெஞ்சளவு நின்றது. தினமும் காலையில் தண்ணீர் தொடுகிற இடத்தில் என் பழைய சேலையில் கிழித்த ஒரு துண்டைக் கட்டுவோம். துண்டு கட்டுகிற வேலையை அவளுக்குக் கொடுத்தேன். தகப்பனோடு தோணியில் போய்ப் பழகியவள், தண்ணீருக்குப் பயமில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொள்வேன், அவள் குனிந்து கட்டுவாள், படியில் நிற்கிற பதினேழு பேரும் "ஏறிற்று! ஏறிற்று!" என்று கத்துவார்கள்.

கட்டுவதற்கு முன்னால் தடி ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தேன். ஆடுகிற தடியில் அளந்தால் அளவு பிழைக்கும் அல்லவா? ஆடினால் தடியின் தலையில் கல்லால் அடித்து இறுக்கிவிட வேண்டும். அவள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். ஆடினாலும் ஆடாவிட்டாலும் தினமும் கல்லை எடுத்து மூன்று அடி அடித்துவிட்டுத்தான் துண்டு கட்டினாள். நான் பக்கத்தில் நின்று, கெட்டிக்காரி என்றேன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ச் சண்டையைச் சொல்ல வேண்டும். ஆறு கடலில் சேருகிற ஆற்றுவாயை மணல் மூடிவிடும். மழைக்கு ஆறு நிரம்பும். நிரம்பினால் அக்கரையில், படுவான்கரையில், வயல்கள் தண்ணீரில் தாழும். அதனால் வேளாண்மைக்காரர் ஆற்றுவாயை வெட்டச் சொல்வார்கள். ஆற்றில் தொழில் செய்கிறவர்கள் பொறுக்கச் சொல்வார்கள், அவசரப்பட்டு வெட்டினால் வளராத இறால் எல்லாம் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும். ஆண்டுதோறும் இதே சண்டை, இதே கூட்டம். என் கணவருக்குப் படுவான்கரை வட்டையில் நாலு ஏக்கர் வயல். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருடைய தகப்பன்மாருக்கு ஆறு. ஆகவே பாடசாலையில் நான் இந்தப் பேச்சை எடுப்பதே இல்லை.

வாயால் எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஒன்பதாம் நாள், எட்டுத் துண்டு தண்ணீருக்குள்ளே, ஒரு துண்டு மேலே, அவள் அதில் விரலை வைத்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறாள். அழகாக இருந்தது. போனில் ஒரு படம் எடுத்தேன். எடுத்த கையோடு கணவருக்கு அனுப்பினேன். பெருமைதான், வேறென்ன? என் வேலையை வீட்டில் யாரும் ஒரு வேலையாக எண்ணுவதில்லை என்ற குறை எனக்கு நெடுநாள். நாளுக்கு நாலு விரல் ஏறுகிறது என்றும் எழுதினேன்.

அவர் அப்போது வட்டையில் முழங்கால் தண்ணீரில் நின்றிருக்கிறார். பத்து நிமிஷத்தில் போன் எடுத்தார். "புள்ள, இத விடச் சாட்சி வேணுமா? படத்த குறூப்புல போட்டுட்டன்" என்றார். வேளாண்மைக்காரர்களுடைய வாட்ஸ்அப் குறூப். அங்கிருந்து அது எங்கெங்கே போனதோ. மத்தியானத்துக்குள் என் தங்கச்சி தன்னாமுனையில் இருந்து அதே படத்தை எனக்கே அனுப்பினாள். கீழே யாரோ எழுதியிருந்தார்கள், பாலர் பாடசாலைப் பிள்ளைக்கும் தெரிகிறது, அதிகாரிகளுக்குத் தெரியவில்லையா என்று. வாசித்ததும் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அதை மறைத்து என்ன பயன்?

மூன்றாம் நாள் மண் தோண்டுகிற பெக்கோ மெஷின் கொண்டுவந்து ஆற்றுவாயை வெட்டினார்கள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வெட்டினார்கள் என்று நான் இன்றைக்கும் நம்பவில்லை. மாவட்டக் கச்சேரி அதிகாரிகளுக்கு அவர்களுடைய அளவுகோல் இருக்கிறது, அவர்களுடைய கூட்டம் இருக்கிறது. ஆனால் ஊர் நம்பியது. ஊர் நம்பியதை நான் எங்கே போய் அழிக்க?

அடுத்த நாள் பின்கதவைத் திறந்தபோது ஆறு படியை விட்டு இறங்கிப் போயிருந்தது. சேறு தெரிந்தது. தடியில் துண்டுகள் எல்லாம் வெளியே தொங்கின. "ஆறு எங்க டீச்சர் போன?" என்று ஒருத்தன் கேட்டான். கடலுக்குப் போனது என்றேன். "மறுகா வருமா?" என்று கேட்டான். மழை பெய்தால் வரும் என்று சொல்லிக்கொண்டே தடியின் பக்கத்தில் போய் நின்றேன். அப்போதுதான் கண்டேன். நெஞ்சளவு நட்ட தடி என் இடுப்பளவு நின்றது. அடி வளையத்தைக் காணவில்லை, அதற்கு மேலே இருந்த சாணில் பாதியும் சேற்றுக்குள்.

ஆறு ஏறியது உண்மை. ஆனால் பாதிதான் ஏறியது. மற்றப் பாதி தடி தாழ்ந்தது. நாளுக்கு மூன்று அடி, ஊறிப்போன சேறு, நான் சொல்லிக் கொடுத்த பாடம். ஒரு முறையாவது மேலே எத்தனை வளையம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேனா? இல்லை. பிள்ளைகளைக் கவனிக்கப் பழக்குகிற டீச்சர் நான்.

வீட்டில் கணவருக்குச் சொன்னேன். "இப்ப சொல்லி என்ன செய்ய? வெட்டினது வெட்டினதுதான். அவங்க உண்ட தடியப் பாத்தா வெட்டின?" என்றார். அப்படியென்றால் எதற்காகக் குறூப்பில் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் குனிந்து சோற்றைப் பிசைந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் குழம்புச் சட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழும்பிவிட்டேன். பாவம், அவருடைய பயிரும் பத்து நாளாகத் தண்ணீருக்குள் கிடந்தது. யாரைக் குறை சொல்வது என்று தெரியாமல் பாத்திரங்களைக் கழுவினேன்.

அந்தக் கிழமை அவள் பாடசாலைக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று இரண்டு நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். நாலாம் நாள் பாடசாலை விட்ட பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். தகப்பன் முற்றத்தில் வலையைக் காயப் போட்டுவிட்டு அதன் முன்னால் சும்மா இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரை கொண்டுவந்து போட்டார். தாய் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே தேத்தண்ணி ஊற்றினாள். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"டீச்சரோட எனக்குக் கோவம் ஒண்டும் இல்ல" என்றார். "துறையில நிக்கேலாம இருக்கு. 'உண்ட மகள்தானே ஆத்த வெட்டுவிச்ச, கெட்டிக்காரிய வளத்திருக்காய்' எண்டு சிரிக்கானுகள். எல்லார்ர போனுக்குள்ளயும் எண்ட புள்ள சிரிச்சிட்டு நிக்காள்." பிறகு வலையைப் பார்த்துக்கொண்டு கேட்டார், "அந்தத் தடி சரிதானா டீச்சர்?"

அவள் கதவுக்குப் பின்னால் நிற்பது எனக்குத் தெரிந்தது. கதவுக்குக் கீழே இரண்டு பாதம் தெரிந்தது. சரி என்று சொன்னால் பொய். பிழை என்று சொன்னால் அது நாளைக்குத் துறைக்குப் போகும், அங்கிருந்து என் வீட்டு வாசலுக்கு வரும். அதற்குப் பயந்தேன்தான். என்றாலும் அந்த மனிதர் முன்னால் பொய் வரவில்லை.

"இல்ல அண்ணன். தடி சேத்துக்குள்ள தாழ்ந்திற்று. ஏறினத விடக் கூடக் காட்டிற்று. பிழை எண்ட. தடிய இறுக்கி அடிக்கச் சொல்லிக் கொடுத்தது நான்தான்" என்றேன்.

பிழை என்னுடையது என்பதைத்தான் நான் அழுத்திச் சொன்னேன். அந்த வீட்டில் அது யாருக்கும் கேட்கவில்லை. தகப்பன் கதவுப் பக்கம் திரும்பி, "நீயா மனே அடிச்ச?" என்று கேட்டார். அதட்டவில்லை, கேட்டார். அவள் கதவுக்குப் பின்னால் இருந்து வந்து, என்னைப் பார்த்து, "டீச்சர் சொன்ன மாதிரித்தான் அடிச்சனான்" என்றாள். பிறகு தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். நான் எழும்பி அவளைத் தூக்கப் போனேன். அவள் வரவில்லை.

போகும்போது தகப்பன் படலை வரைக்கும் வந்தார். "நாளைக்கு அனுப்புறன் டீச்சர். எழுத்த மட்டும் படிப்பியுங்க. பாக்கிற வேலையெல்லாம் எங்கட புள்ளைக்கு வேணாம்" என்றார். நான் ஓம் என்றேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்ல முடியும்?

அவர் நல்ல மனிதர். தடி தாழ்ந்த கதை துறைக்குப் போகவே இல்லை. அதைச் சொன்னால் கல்லெடுத்து அடித்தது யார் என்றும் சொல்ல வேண்டுமே. அவர் சிரிப்பை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார். அவர் பேசாமல் இருந்ததில் தப்பியவள் நான். மாசியில் எங்கள் வட்டையில் நெல் அறுத்தோம், நல்ல விளைச்சல்.

தகப்பன் சொன்னபடி அவள் மறுநாளே பாடசாலைக்கு வந்தாள். ஆண்டு முடிய மூன்று கிழமை இருந்தது. வந்து சப்பாத்தைக் கழற்றி ஓரத்தில் வைத்துவிட்டு, கொப்பியை விரித்து, 'அ' எழுதினாள். ஒரு பக்கம் நிறைய எழுதினாள். திரும்ப ஒரு பக்கம். ஆறு இறங்கிய சேற்றில் அதுவரை வராத பறவை எல்லாம் வந்து மேய்ந்தன. பெயர் தெரியாத நீள மூக்குக்காரர் நூறு பேர். மற்றப் பிள்ளைகளைப் படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், அவள் மேசையை விட்டு எழும்பவில்லை. தகப்பனுக்குக் கொடுத்த வாக்கை மீறி ஒரு நாள் நானே உள்ளே போய்க் கேட்டேன், ஒரே ஒரு தரம் வந்து பார்க்கிறாயா என்று.

"நான் வரமாட்டன் டீச்சர்" என்றாள். "நான் பாத்தா பிழைச்சிரும்."

நான் நிலத்தில் குந்தி இருந்து எல்லாம் சொன்னேன். ஆற்றை வெட்டியது பெக்கோ, நீ இல்லை என்றேன். மழையில் சேறு ஊறினால் எந்தத் தடியும் தாழும் என்றேன். நீ பார்த்ததெல்லாம் சரி, சொல்லித் தந்த நான்தான் பிழை என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுவது போலக் கேட்டது. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும், டீச்சருக்குச் சொல்ல வேண்டியதை, "ஓம் டீச்சர்" என்று சொன்னாள். சொல்லிவிட்டுக் குனிந்து, விட்ட இடத்தில் இருந்து எழுதினாள்.

ஆண்டு முடிவுக் கலைவிழாவன்று அவளுடைய தாய் அந்தக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினாள். ஒரு எழுத்தும் கோட்டை விட்டு வெளியே போகவில்லை.

"முந்தியெல்லாம் புள்ளைக்கு ஒரு இடத்தில இருப்புக் கொள்ளாது டீச்சர். இப்ப வீட்டயும் தலைய நிமித்தாம இருந்து எழுதுறாள். எல்லாம் உங்களாலதான்" என்றாள்.

சந்தோஷம் என்றேன்.