குதிகால் திரும்பும் அளவு

வேலூர் சைக்கிள் கடையில் ஓர் அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் ‘க்ளிப்லெஸ்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்ததைப் படித்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. க்ளிப் இல்லாதது என்றுதானே பொருள்? கால் பெடலோடு பூட்டிக்கொள்ளாது. நினைத்த நேரத்தில் எடுத்துத் தரையில் ஊன்றலாம். “இதையே வாங்கிடலாம்மா, இதுல க்ளிப்பே இல்லையாம்” என்று மகளிடம் சொன்னேன். எங்களோடு வந்திருந்த பி.டி. டீச்சர் சிரித்த சிரிப்பில் கடையிலிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். “ஐயோ டீச்சர், பூட்டிக்கிற ஷூவே இதான். முன்னல்லாம் பெடல் மேல கம்பிக்கூடு ஒண்ணு வெச்சு, வார் போட்டுக் காலைக் கட்டுவாங்க. அதுக்குப் பேரு க்ளிப்பு. அந்தக் கூடு போயிடுச்சுன்னு க்ளிப்லெஸ்னு பேரு வெச்சிட்டானுங்க. சந்தேகம் இருந்தா பேரு வெச்சவனைக் கூப்ட்டு கேளுங்க.” சுடுகிற பாத்திரத்தை இறக்குவது போல அந்தப் பெட்டியைக் கீழே வைத்தேன்.

ஆரணியில் நான் கணக்கு நடத்தும் பள்ளியில் பல ஆண்டுகள் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர் அவர். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அந்த ஒன்றைத் தவிர எங்களுக்குள் பொருத்தம் எதுவும் கிடையாது. நான் சாலையைக் கடக்க இரண்டு பக்கமும் மூன்று முறை பார்க்கிறவள். அவர் விடியற்காலையில் மெல்லிய சக்கரச் சைக்கிளில் போளூர் வரை போய்விட்டுப் பள்ளிக்கு வருகிறவர். ஷூவின் அடியில் பெடலைக் கவ்வும் கட்டை இருப்பதால் சிமென்ட் வராந்தாவில் அவர் நடந்தால் டக் டக்கென்று கேட்கும். “குதிரை வருதுடி” என்று பிள்ளைகள் கிசுகிசுப்பார்கள். ஒருநாள் அது அவர் காதில் விழுந்தது. வகுப்பு வாசலில் நின்று, தலையைச் சிலுப்பி, அச்சு அசலாகக் கனைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அந்த வகுப்பில் என்னால் அல்ஜீப்ரா நடத்த முடியவில்லை.

அவரைப் பார்த்துத்தான் என் மகளுக்கும் சைக்கிள் ஆசை வந்தது. கல்லூரியில் சேர்ந்த புதிதில் அதே மாதிரி மெல்லிய சக்கரப் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினாள். பூட்டிக்கொள்ளும் பெடல் அதிலேயே இருந்தது. ஷூவைக் கல்லூரித் தோழி ஒருத்தி கொடுத்தாள். எங்களில் யாருக்கும் அதைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

அவள் விழுந்த அன்று காலை எங்கள் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தறிக்குப் போக வேண்டிய பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் பாதித் தெரு பாவுக்கும் பாதித் தெரு போகிறவர்களுக்குமாக இருந்தது. எதிரே வந்த வண்டிக்கு வழிவிட, சைக்கிளில் வந்த மகள் பிரேக் பிடித்தாள். காலை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. ஒரு பக்கம் பாவு, மறுபக்கம் சாக்கடைக் கல். பாவின் மேல் சாய்ந்திருந்தால் சிராய்ப்போடு போயிருக்கும். ஆனால் ஆரணியில் பிறந்த பிள்ளை அடுத்தவர் பாவின் மேல் விழுமா? உடம்பு தானாகவே இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. காலைப் பெடல் பிடித்துக்கொண்டிருக்க, தோள் போய்க் கல்லில் மோதியதை நான் வாசலில் நின்று பார்த்தேன். பாவுக்குச் சொந்தக்காரியான அக்கா ஓடிவந்து அவள் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அழுதாள். “ஏண்டி கண்ணு, அந்தாண்ட விழக் கூடாதா? நூலு அறுந்தா முடிச்சுப் போட்டுக்கினு போறோம். எலும்பை யாருடி முடிச்சுப் போடுவா?”

முறிந்த காறை எலும்பு கூடிவிட்டது. எனக்குத்தான் கூடவில்லை. இன்றைக்கும் பின்னால் எங்காவது பிரேக் கிறீச்சிட்டால் சாக்பீஸ் கையிலிருந்து நழுவிவிடுகிறது. சைக்கிளின் மேல் பழைய புடவையைப் போர்த்திக் கூடத்து மூலையில் நிறுத்தினேன். விற்றுவிடலாம் என்றேன். மகள் சண்டை போடவில்லை. அதுதான் என்னை அசைத்தது. “பஸ்ல போனாலும் ரோட்டையேதாம்மா பாத்துக்கினு போறேன்” என்று மட்டும் சொன்னாள். பி.டி. டீச்சரோ நேரே வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். “பொண்ணு ஒரு தபா விழுந்தா, எழுந்துட்டா. நீங்க இன்னும் விழுந்துகினே இருக்கீங்க டீச்சர்” என்றார். கோபத்தில் நான் ஒரு நிபந்தனை வைத்தேன். அன்றைக்கு ஏன் கால் வரவில்லை என்று யாராவது என் கண்முன் காட்ட வேண்டும். காட்டினால் புது ஷூ. இல்லாவிட்டால் சைக்கிள் இந்த வீட்டில் இருக்காது. “வாங்க போலாம், சாயங்காலமா போலாம்” என்று அவர் எழுந்துவிட்டார். நாள் முழுக்க நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். அந்தக் காலுக்குச் சரியாக இருப்பதுதான் நெடுந்தூரத்துக்கும் சரியாக இருக்குமாம்.

அப்படித்தான் அந்தக் கடையில் நின்றோம். பெட்டியில் இருந்த பெயர் என்னைக் கைவிட்ட பிறகு, நான் எனக்குத் தெரிந்த வழிக்கு வந்தேன். “ஒரு சைஸ் பெருசாவே குடுங்க” என்றேன். எங்கள் வீட்டில் செருப்பும் ஷூவும் வாங்குவது எப்போதுமே அப்படித்தான்; முன்னால் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த ஆண்டுக்கும் வரவேண்டும். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். “அம்மா, எனக்கு இருபது வயசு. இன்னும் எவ்ளோ வளரணும்?” ஆனாலும் போட்டுப் பார்த்தாள். அப்பாவைப் போல அகலப் பாதம் அவளுக்கு. விரல்களுக்குத் தாராளமாக இடம் கிடைத்ததும் முகம் மலர்ந்தது. “லூசா, நல்லாத்தான் இருக்கு” என்றாள். எனக்குப் பெருமை.

 பி.டி. டீச்சர் தாங்கியில் அசையாமல் நிறுத்தியிருந்த சைக்கிளில் அவளை ஏற்றி, பெடலில் காலைப் பூட்டச் சொன்னார். “இப்ப வெளிய எடு.” குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் பூட்டு விட வேண்டும். மகள் திருப்பினாள். குதிகால் ஷூவுக்குள் திரும்பியது. ஷூ திரும்பவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். கால் உள்ளே வழுக்கிக்கொண்டு வந்ததே தவிர ஷூ இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. “இதேதாம்மா அன்னைக்கும்” என்றாள். தோழியின் ஷூ அவளுக்குப் பெரியது. இரண்டு காலுறை மாட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறாள். இத்தனை மாதமும் நான் பூட்டைச் சபித்துக்கொண்டிருந்தேன். தொளதொளப்பு என் கண்ணில் படவே இல்லை.

பிறகு கடைக்காரர் அகலப் பாதத்துக்கென்றே வரும் ஒரு ஜோடியைக் கொண்டுவந்தார். நீளம் அவளுடைய அளவுதான். விரல்கள் முன்னால் இடிக்கவில்லை. எழுந்து நின்றால் குதிகால் மேலே கிளம்பவில்லை. அடிக்கட்டையைப் பெருவிரல் முண்டுக்கு நேராக வைத்து முடுக்கினார். பெடலின் பிடியையும் திருகித் தளர்த்தினார். “டீச்சர், நீங்க ஷூவோட பின்பக்கத்தைப் புடிங்க” என்றார் பி.டி. டீச்சர். குனிந்து பிடித்தேன். மகள் குதிகாலைத் திருப்பினாள். என் உள்ளங்கைக்குள்ளேயே ஷூ திரும்பி, டக்கென்று விடுபட்டு, கால் தரைக்கு வந்தது. “இன்னொரு வாட்டி” என்றேன். மறுபடியும் வந்தது. நான் விடவே இல்லை. கடைசியில் மகள்தான், “அம்மா, எனக்கு முழங்கால் வலிக்குது” என்று இறங்கினாள்.

சில வாரங்கள் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு பூட்டுவதும் எடுப்பதுமாகவே போனது. அதற்குள் பி.டி. டீச்சருக்குக் கலசப்பாக்கம் பக்கம் மாறுதல் வந்துவிட்டது. இப்போது எங்கள் வராந்தா அமைதியாக இருக்கிறது. அந்தச் சத்தம் இல்லாமல் முதல் பீரியட் தொடங்குவது எனக்கு இன்னும் பழகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் அவரைப் பார்க்கச் சைக்கிளிலேயே கிளம்பினாள். சும்மா ஊர் எல்லை வரை என்று சொல்லி நான் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன். எல்லை தாண்டியும் திரும்ப மனம் வரவில்லை. ஓரிடத்தில் ஆட்டு மந்தை ஒன்று திடீரென்று சாலையில் இறங்கியது. நான் அலறி பிரேக் பிடித்து, தடுமாறி, சரிந்து, எப்படியோ காலை ஊன்றினேன். நிமிர்ந்து பார்த்தால் மகள் ஏற்கெனவே ஒரு காலைத் தரையில் வைத்து நின்றிருந்தாள். ஆடுகள் அவளைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். “நீதாம்மா விழப் பாத்த.”

அந்த நேரம் பார்த்து என் கைப்பேசி அடித்தது. பி.டி. டீச்சர். “எங்க இருக்கீங்க? ஆடு கத்துது. பின்னாடியே வந்துகினு இருக்கீங்க இல்ல?” “சும்மா ஊர் எல்லை வரைக்கும்...” என்று இழுத்தேன். “திரும்புங்க டீச்சர். இங்க ஒரு ஆளுக்குத்தான் இட்லி மாவு இருக்கு.”

மகள் பெடலில் காலை வைத்துப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.  அவள் வளைவில் மறையும்வரை நிற்க வேண்டும் என்று தோன்றியது. நிற்காமல் வண்டியைத் திருப்பினேன்.