அவிழ்க்காத குடுமி

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேர் மாடி ஏறுவது தன் தயவில்தான் என்பதுபோல அவனுக்கு எப்போதும் ஒரு மிதப்பு உண்டு. வீட்டுக்குள் அந்த மிதப்பெல்லாம் செல்லாது. அங்கே ராஜ்ஜியம் அவன் பெண்டாட்டியுடையது, அவளுக்கு அடுத்தபடி அவள் வாங்கி வந்த நாயுடையது.

யார்க்ஷயர் டெரியர் என்ற இனம். ஒரு கையில் தூக்கிவிடலாம். முடி மட்டும் தரையைக் கூட்டும். "தொடப்பத்துக்குக் கால் முளைச்சிருக்கு" என்று முதல் நாளே தம்பி கிண்டலடித்தான். ஆனால் பார்க்கத்தான் பொம்மை. ஒரு காலத்தில் எலி பிடிக்க வளர்த்த இனமாம். வாசலில் நிழல் தட்டினாலே வீடு அதிரக் குரைக்கும். அதன் முடி மற்ற நாய்களுடையதுபோல அதிகம் உதிராது, நம் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும். சீவாமல் விட்டால் சிக்குப் பிடித்துவிடும். அவள் தினமும் மடியில் போட்டுச் சீவி, கண்ணை மறைக்கும் நெற்றி முடியை ரப்பர் பேண்டால் குடுமி கட்டிவிடுவாள். தம்பி கிட்டே வந்தால், "கிரீஸ் கையோட தொடாதீங்க" என்று விரட்டுவாள். அதனால் அந்த வேலை எதுவும் அவனுக்குத் தெரியாது.

அவள் வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தபோதே காலம் கடந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன காலையில்கூட நாய்க்குக் குடுமி கட்டிவிட்டுத்தான் போனாள். திரும்பி வரவில்லை.

நாயை யாருக்காவது கொடுத்துவிடு என்றேன். முறைத்தான். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, அவள் சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். முதுகு, வயிறு, வால் என்று தப்பும் தவறுமாகச் சீவப் பழகினான். அதுவும் அவன் வரும் நேரத்துக்குக் கதவடியில் மூக்கை வைத்துக் காத்துக் கிடந்தது. அதற்குச் சோறு வைக்க வேண்டுமே என்றுதான் அவனும் சமைத்தான், அந்தச் சாக்கில் தானும் சாப்பிட்டான். அதற்கு ஒன்று ஆகிவிட்டால் இவன் தேறமாட்டான் என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

குடுமியை மட்டும் அவன் அவிழ்க்கவில்லை. நான் கை வைக்கப் போனால் தடுத்துவிடுவான்.

"அது அவ கட்டினதுக்கா. இருக்கட்டும்."

மாதங்கள் ஓடின. குடுமி கல்லாக இறுகியது. நாய் சோபாக் காலில் நெற்றியைத் தேய்த்தது, விளையாடுகிறது என்றான். தட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது; அவளை நினைத்து ஏங்குகிறது என்றான். வீட்டில் ஒரு வாடை வந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தான். பொறுக்க மாட்டாமல் நான்தான் இரண்டு பேரையும் கிளப்பிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனேன்.

டாக்டரம்மா கத்தரியால் குடுமியை வெட்டி எடுத்தார். ரப்பர் பேண்ட் தோலுக்குள் புதைந்திருந்தது. சுற்றிலும் சீழ்.

"இவ்வளவு நாள் எப்படிப் பாக்காம விட்டீங்க? ரத்தத்துல கலந்திருச்சே," என்றார்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். தம்பி மேஜையோரம் நின்று அதன் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டே இருந்தான். மறுநாள் பிற்பகல் அது செத்துப்போயிற்று.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். "ரெண்டு பேருமே வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலையேக்கா," என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயிறு வலிக்கிறது என்று அவள் இதே கூடத்தில் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். "கேஸா இருக்கும், சுடுதண்ணி குடி" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பியவன் இவன்.

"சொன்னாங்கடா," என்றேன். "ரெண்டு பேருந்தான் சொன்னாங்க."

அவன் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அன்றிலிருந்து அவன் என் முகத்தில் விழிப்பதில்லை. சொன்னதற்கு நான் வருந்தவும் இல்லை. அவன் சாப்பிட்டானா என்று யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.