மார்க்குசியின் இடது ஸ்பிரிங்

என் அக்கா புருஷன் மார்க்குசி பனிவண்டி ஓட்டும் அழகைப் பார்த்து வடதுருவக் கடலோரத்து எங்கள் ஊரே சிரிக்கும். வலது முழங்கால் சீட்டில், இடது கால் கீழே படியில், உடம்பு மொத்தமும் இடப்பக்கம், முகம் பின்னால். மகன் ஜோனாசி நாலு வயதில் பின்னால் கட்டியிருந்த சறுக்குவண்டியிலிருந்து விழுந்துவிட்டான். இவர் நெடுந்தூரம் போன பிறகுதான் பார்த்தார். அன்றைக்குத் திரும்பிய கழுத்து, பையனுக்கு மீசை முளைத்த பிறகும் நேராகவில்லை.

"அத்தான், ஆந்தைக்குக்கூட இப்படிக் கழுத்து திரும்பாது" என்பேன்.

"நீ புள்ள பெத்துப் பாரு, திரும்பும்" என்பார்.

போன வசந்தத்தில் அதே ஜோனாசி, கடல்பனி முடியும் விளிம்புக்கு, சீல் என்கிற கடல்நாய் வேட்டைக்குப் போனான். ரேடியோவில் "வண்டி நின்னுபோச்சுப்பா, நடந்து வர்றேன்" என்றான். பிறகு சத்தமில்லை. மதியம் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீச ஆரம்பித்தது. அப்படி வீசினால் பனி பிய்ந்து, மேலே நிற்கிற ஆளோடு கடலுக்குள் போய்விடும். ஊர் வண்டிகளெல்லாம் மான் வேட்டைக்குப் போயிருந்தன. மிஞ்சியது மார்க்குசியின் வண்டி. அது இடப்பக்கம் சாய்ந்து நின்றது. ஓட்டினால் இடப்பக்கமே இழுத்துக் கவிழ்ந்தது.

"முன் ஷாக் அப்சார்பர்தான் போயிருக்கு" என்றேன், பெரிய மேதாவி மாதிரி. பழைய வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டினோம். சாய்வு அப்படியே இருந்தது. வண்டிக்கு அடியில் சுழலும் பெல்ட்டில் உறைந்த பனியைக் கொத்தினோம். அப்போதும் சாய்வு போகவில்லை.

வாசலில் நின்ற அக்கா சியாசி கத்தினாள்: "இத்தன வருசமா சிரிச்சியேடா, அவரு எந்தப் பக்கம் தொங்குவாருன்னு தெரியாதா? பின்னால பாருடா!"

வண்டியைப் படுக்கப்போட்டோம். பெல்ட்டுக்குள்ளே, பின்பக்க இடது ஸ்பிரிங் இரண்டாக முறிந்து கிடந்தது. அவர் பாரத்தையெல்லாம் அது ஒன்றே சுமந்திருக்கிறது. மாற்று ஸ்பிரிங் ஊரில் கிடையாது. மார்க்குசி சறுக்குவண்டியின் குறுக்குப்பலகை ஒன்றை அறுத்து அந்த இடத்தில் திணித்தார். நான் அதைச் சீல்தோல் வாரால் இறுக்கிக் கட்டினேன்.

"அத்தான், வலப்பக்கமே உக்காருங்க. திரும்பிப் பாத்தீங்க, பாரம் இடப்பக்கம் போயி கட்டை நழுவிரும்."

நான் சறுக்குவண்டியில் ஏறிக்கொண்டேன். நாங்கள் போனபோது பனியில் கறுப்பாக விரிசல் ஓட ஆரம்பித்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஜோனாசி தள்ளாடி வந்துகொண்டிருந்தான். தாவினான். இடுப்புவரை தண்ணீரில் விழுந்தவனை இருவருமாக இழுத்துப்போட்டோம். அவனை என் மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பும்போது மார்க்குசி நேராகப் பார்த்து ஓட்டினார். அந்த முதுகைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

"இருக்கானாடா?" என்று கத்தினார்.

"இருக்கான் அத்தான்!"

ஒவ்வொரு மேடு தாண்டியதும் அதே கேள்வி. என் தொண்டை கட்டிவிட்டது. ஊர் தெரிந்தபோது மறுபடியும் கேட்டார். நான் வாய் திறக்குமுன் மடியிலிருந்தவன், பல் கிடுகிடுக்க, இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினான்.

"இருக்கேம்ப்பா! நீ முன்னால பாத்து ஓட்டு!"