அவர் குரலைப் பதிஞ்ச நாட்கள்

நான் அஞ்சாப்பு வரைக்கும்தான் படிச்சவ. எழுத்து கோணலா இருக்கும், சொல்ல வந்தது பாதியில மறந்தும் போகும். படிக்கிறவங்க பொறுத்துக்கணும். நாலு பேர் முன்ன வாய் திறக்கக் கூச்சப்படுறவ நான், அதனாலதான் எழுதுறேன்.

பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல இருக்கோம், காம்பரா காம்பராவா ஒட்டிக் கட்டின வரிசை வீடு. நானும் எங்க வீட்டுக்காரரும் சின்னதுல சிலோன்ல இருந்து கப்பலேறி வந்த குடும்பம். அவர் ஃபேக்டரியில இருந்தவர். மெஷின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்திப் பழகி, வீட்டுக்குள்ள பேசினாலும் கடைசிக் காம்பராவுக்குக் கேக்கும். ரகசியம்னு ஒண்ணு எங்க வீட்டுல இருந்ததே இல்ல.

அந்தத் தொண்டையிலதான் கட்டி வந்துச்சு. குரல்வளையையே எடுக்கணும், கட்டில் காலியானதும் கூப்பிடுறோம்னு கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கிற எங்க மகதான் எங்கேயோ விசாரிச்சா. எடுக்கிறதுக்கு முன்னாடி குரலைப் பதிஞ்சு வச்சா, பின்னாடி வேணுங்கிற பட்டனை அமுக்கினா ஃபோனு அப்பா குரல்லயே பேசுமாம். ஆனா நிறைய பேசிக் குடுக்கணும், குரல் சுத்தமா விழணும். கோயம்புத்தூர்ல ஒரு பொண்ணு, வீட்டுல இருந்தபடியே வீடியோ கால்ல பதிஞ்சு குடுக்குமாம்.

லயத்துக்கு மேல தண்ணித் தொட்டிகிட்டதான் எங்களுக்கு வீடியோ காலுக்கு சிக்னல். ஒரு ஸ்டூலைத் தூக்கிட்டுப் போயி அவரை உக்கார வச்சு, நான் ஃபோனைப் பிடிச்சுக்குவேன்.

"அம்மா, ஸ்கிரீன் ஷேர் பண்ணியிருக்கேனுங்க. எழுத்து தெரியுதுங்களா?"

எனக்கு அந்தப் பொண்ணு மூஞ்சிதான் தெரிஞ்சுது. அதைச் சொல்லவும் வெக்கம்.

"பக்கவாட்டுல தள்ளுங்கம்மா."

தள்ளினேன், கால் கட்டாயிருச்சு. திரும்பக் கூப்பிட்டுச்சு. ஒருவழியா எழுத்து வந்தா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. ரெண்டு விரலை வச்சு விரிங்கன்னு சொல்லுச்சு. விரல் வழுக்கிட்டே போச்சு. கிட்ட வச்சு எழுத்துக் கூட்டி நான் படிப்பேன், அவர் திருப்பிச் சொல்லணும். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"நான் நலமாக இருக்கிறேன்" அப்பிடின்னு மொத வரி.

"யாரு புள்ள இப்பிடிப் பேசுவா? கவர்னரா?" அப்பிடின்னார் அவர்.

"ஐயா, உங்க பேச்சுலயே சொல்லுங்க. அதுதானுங்க வேணும்" அப்பிடின்னு அந்தப் பொண்ணு சிரிச்சுச்சு.

ஆனா சத்தம் சரியா விழலை. அவர் குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குதாம். கால்ல இருந்து வெளியே போயி மறுபடி உள்ள வந்தோம். ஃபோனை அணைச்சுப் போட்டோம். மைக்குக்கு அனுமதி குடுக்கச் சொல்லுச்சு, குடுத்தோம். பக்கத்துல நின்ன ஆட்டைக் கூட வெரட்டினேன்.

"படமும் ஒரே பனியா இருக்குதுங்கம்மா. ஆளே தெரியல."

"இங்க பனிதான் கண்ணு" அப்பிடின்னேன். அன்னிக்கு உண்மையிலயே பனிதான்.

அப்பிடியே நாள் போச்சு. பதிஞ்சதை எல்லாம் அப்புறமா சரி பண்ணப் பாக்கிறேன்னு அந்தப் பொண்ணு எடுத்து வச்சுக்கிச்சு. இவர் குரல் நாளுக்கு நாள் கம்மிட்டே வந்துச்சு. அவசரமாயிருச்சு.

மக லீவு போட்டு இயர்ஃபோன் வாங்கிட்டு வந்தா. தொட்டிகிட்ட நின்னு அதைச் சொருகப் போனவ, ஃபோனையும் என்னையும் மாறி மாறிப் பாத்தா.

"அம்மா, இந்தக் கவரோடவா இத்தனை நாளும் பேசினீங்க?"

கொழுந்தெடுக்கிறவங்க எல்லாருமே அப்பிடித்தான் வச்சிருப்போம். ஃபோனைக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கவர்ல போட்டு, ரப்பர் பேண்டால இறுக்கி, இடுப்புல சொருகிக்குவோம். இந்த மழைக்கும் ஈரத்துக்கும் வேற எப்பிடி? சார்ஜு போட அடியில ஒரு ஓட்டை. சாதாரண கால்ல நாங்க கத்துற கத்துக்கு அது தெரியாது. நான் வேலையில இருந்து நின்ன பிறகும் கவரைக் கழட்டினதில்ல. நாள்பட்ட கவரு, பனி மாதிரித்தான் வெளுத்திருந்துச்சு.

மக கவரை உரிச்சா. அந்தப் பொண்ணு மறுபக்கத்துல கத்திருச்சு. "ஐயோ, இப்பத்தானுங்க ஐயா மூஞ்சியே தெரியுது! எங்க, ஏதாச்சும் பேசுங்க, டெஸ்ட் பண்ணிக்கலாம்."

"கேக்குதா? கேக்குதா புள்ள?" அப்பிடின்னார், என்னைப் பாத்து. "இத்தனை நாளும் என்னைக் கவருக்குள்ள போட்டுல்ல கட்டி வச்சிருந்திருக்கா இவ!"

நான் முந்தானையால வாயை மூடிக்கிட்டேன். மொத வரியை ஆரம்பிச்சோம். சிரிப்பா, பனிக்காத்தா தெரியல, அவருக்கு இருமல் பிடிச்சு நிக்கவே இல்ல. "இன்னிக்கு ரெஸ்ட் எடுக்கட்டுங்க, நாளைக்கு எல்லாத்தையும் முதல்ல இருந்து பதியலாம்"னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு.

மறுநாள் விடிஞ்சதும் ஆஸ்பத்திரியில இருந்து ஃபோன். கட்டில் காலி, உடனே வாங்கன்னு. தொட்டிகிட்ட போட்ட ஸ்டூலைக் கூட எடுத்து வைக்காம பஸ் ஏறினோம்.

இப்ப கழுத்துல ஓட்டை வழியா மூச்சு விடுறார். பேச்சு இல்ல. எழுதிக் காட்டவும் தெரியாது. கவருக்குள்ள பதிஞ்சது எதுவும் உதவலைன்னு அந்தப் பொண்ணு அழுதுகிட்டேதான் சொல்லுச்சு. சுத்தமா விழுந்தது டெஸ்ட் பண்ணினது மட்டும்தான். "கேக்குதா? கேக்குதா புள்ள?" அப்பிடிங்கிறதை மட்டும் வெட்டி அனுப்புச்சு. மக அதை அவர் ஃபோன்ல ஒரு பட்டனா வச்சுக் குடுத்துட்டுப் போனா.

தண்ணி வேணும்னா அதை அமுக்குவார். முதுகு வலிச்சாலும் அமுக்குவார். நான் அடுப்படியில தேத்தண்ணி போட்டுட்டு இருப்பேன். உள்ள இருந்து அந்தப் பழைய குரல் வரும், கடைசிக் காம்பராவுக்குக் கேக்கிற மாதிரி. "கேக்குது, கேக்குது"ன்னுட்டு ஓடுவேன். சில நேரம் போனா ஒண்ணுமே வேணாம்னு கையை ஆட்டுவார். சும்மா அமுக்கிப் பாத்திருக்கார்.

இதுல முன்னப்பின்ன எழுதியிருப்பேன். அந்தப் பொண்ணு படிச்சா ஒண்ணே ஒண்ணை மட்டும் சரிபாத்துச் சொல்லணும். அன்னிக்குக் கவரைப் பத்திச் சொல்லிட்டு அவர் வாய்விட்டுச் சிரிச்சார்னுதான் எனக்கு ஞாபகம். மகளுக்கு அது ஞாபகமில்ல. அனுப்பினதுல சிரிப்பு இல்ல. முழுசா வச்சிருந்தா, கடைசி வரைக்கும் கேட்டுப் பாத்து, இருக்குதா இல்லையான்னு சொன்னாப் போதும் கண்ணு.