மூன்றாவது வருடத்து ஹொப்ஸ்

நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்றை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். அது அத்தானுடைய கொப்பி. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். லண்டனில் தான் ருசி பார்த்த ஒவ்வொரு பியரைப் பற்றியும் அதில் ஒரு வரி எழுதிவைப்பார். போத்தலின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும் வர்ணனைகளை அவர் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. ஒன்றுக்கு ‘பாவற்காய்ப் பொரியல், கொஞ்சம் கருகினது’ என்று எழுதியிருந்தார். இன்னொன்றுக்கு ‘தோடம்பழத் தோலை நகத்தால் கிள்ளின மணம்.’ மற்றொன்றுக்கு ‘மழையில் நனைந்த சாக்கு. வேண்டாம்.’ இன்று லண்டனில் ரயில் பாலங்களின் அடியிலெல்லாம் யாராவது பியர் வடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் போகிறேன். அத்தான் வருவதில்லை. கேட்டால் காரில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்.

அவருக்கு இந்தப் பைத்தியம் ஜெர்மனியில் பிடித்தது. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த காலத்தில் அங்கே ஒரு தோட்டத்தில் ஹொப்ஸ் பறித்தவர். பியருக்குக் கைப்பையும் மணத்தையும் கொடுக்கிற கொடியின் பூ அது. பச்சை நிறத்தில், பெருவிரல் நுனி அளவில் இருக்கும். உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் மஞ்சள் தூள் ஒட்டும். பிறகு லண்டனுக்கு வந்து ஹரோவில் வீடு வாங்கியதும், பின்வளவில் அவர் முதலில் நட்டது அதன் வேர்த்துண்டு ஒன்றைத்தான். முதல் வருடம் அது குருத்து விட்டபோது அக்கா ஏதோ கீரை என்று நினைத்துக் கிள்ளி, தேங்காய்ப்பூ போட்டு வறை வறுத்துவிட்டார். அத்தான் வாய் திறக்காமல் இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த நாள்தான் விஷயத்தைச் சொன்னார். இரண்டாம் வருடம் அவருடைய முறை. புடலங்கொடிக்குப் போடுவதைப்போல நெஞ்சளவு உயரத்தில் பந்தல் போட்டார். ஹொப்ஸ் கொடிக்கு நேரே மேலே ஏற வேண்டும். படுக்கவைத்தால் பிடிக்காது. அது பந்தலில் சிக்குப்பட்டு, இலை பூஞ்சணம் பிடித்து, ஒரு கைப்பிடி பூத்தான் கொடுத்தது. ஜெர்மனியில் இருபதடிக் கம்பங்களுக்குக் கீழே நின்று வேலை செய்தவருக்கு வீட்டில் பந்தல் போடத்தான் கை போனது. இதைச் சொல்லி நான் அவரை ஒரு வருடம் முழுக்கக் கேலி செய்தேன்.

என் மகள் சனிக்கிழமைகளில் ஹரோவில் தமிழ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் உள்ளே இருக்கிற நேரத்தில் நானும் அத்தானும் பக்கத்திலிருந்த பப் ஒன்றுக்கு நடந்து போவோம். சின்ன இடங்களில் வடித்த பியரை அங்கே வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வைப்பார்கள். ஆளுக்கு அரை பைன்ட், அதற்கு மேல் இல்லை. அத்தான் முதலில் மணப்பார், பிறகு ஒரு மிடறு குடிப்பார், பிறகு கொப்பியைத் திறப்பார். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் யாரோடும் இருந்ததில்லை.

2009 வந்தது. கொடிக்கு அது மூன்றாவது வருடம். சித்திரையில் அத்தான் மேல்மாடி யன்னலிலிருந்து கயிறு கட்டிவிட்டார். கொடி நாளுக்கொரு சாண் ஏறியது. அதே நாட்களில் வன்னியில் இருந்த அவருடைய ஒரே தம்பியிடமிருந்து தொலைபேசி வருவது நின்றுபோனது. வைகாசியில் யுத்தம் முடிந்தது. ஆனியில் தம்பியின் மனைவி முகாமிலிருந்து யாரோ ஒருவரின் போனில் பேசினார். தானும் பிள்ளைகளும் தப்பிவிட்டதாகவும், தண்ணீர் எடுக்கப் போன அவர் திரும்பி வரவில்லை என்றும் சொன்னார். அவ்வளவுதான் செய்தி.

சொந்தக்காரர் எல்லாரும் துக்கம் காக்கச் சொன்னார்கள். மரக்கறிச் சாப்பாடு, எட்டாம் நாள் சடங்கு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று நாள் குறிக்கவும் தொடங்கிவிட்டார்கள். அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் மீன் வாங்குவதை நிறுத்தவிடவில்லை. சனிக்கிழமை அரை பைன்டையும் விடவில்லை. தமிழ் வகுப்பு வாசலில் ஒரு அம்மா என் காதுபடவே சொன்னார், “தம்பியைப் பறிகுடுத்துப்போட்டு மனுசன் பியர் மணக்கத் திரியுது.” எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அன்றைக்கே கார் நிறுத்துமிடத்தில் வைத்துக் கேட்டேன்.

“அத்தான், சனம் கதைக்குது. முப்பத்தொரு நாளைக்கெண்டாலும் நிப்பாட்டுங்கோ.”

“நிப்பாட்டினால் அவன் செத்திட்டான் எண்டு நானே சொன்ன மாதிரி, மச்சான். பாத்தது ஆர்? ஒருத்தன் வந்து ‘நான் கண்டனான்’ எண்டு சொல்லட்டும். அதுவரைக்கும் என்ர வீட்டில மீன் பொரியும். நான் பியர் குடிப்பன்.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு அப்போது வெட்கம்தான் பெரிதாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை தலையிடி என்று சொல்லிக் காருக்குள்ளேயே இருந்துவிட்டேன். அதற்கடுத்த கிழமை அவர் கேட்கவில்லை. கோடை விடுமுறை வரும்வரை ஆறு சனிக்கிழமைகள், கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் தனியே நடந்து போவதைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தேன். தன் தம்பியை உயிரோடு வைத்திருக்க அந்த மனிதருக்கு இருந்தது அந்த அரை பைன்ட் மட்டுமே. அதில் பங்குக்கு நான் போகவில்லை. அதை நினைக்கும்போது இன்றும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அந்த வருடம் கொடி பூத்துக் கொட்டியது. புரட்டாதித் தொடக்கத்தில் பறித்து, அத்தான் கராஜில் வைத்துப் பியர் வடித்தார். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னை வரச்சொன்னார். என்ன பேசுவது என்று தெரியாமல்தான் போனேன். பின்வளவு மேசையில் இரண்டு கிளாஸ் இருந்தன. குசினியில் அக்கா மீன் பொரிக்கும் மணம் வந்தது. அத்தான் போத்தலைத் திறந்து, நுரை அடங்க அடங்க மெதுவாக இரண்டிலும் ஊற்றினார். தன்னுடையதை எடுத்து நெடுநேரம் மணந்தார். பிறகு அதை என் பக்கம் தள்ளி வைத்தார்.

“இதையும் நீரே குடியும்.”

“ஏன் அத்தான்?”

“காலமை ஒரு போன் வந்தது. முகாமால வெளியில வந்த பொடியன். அவனும் இன்னொருத்தருமாத்தான் தம்பியை மண்ணில தாட்டவையாம். சேட்டின்ர நிறமும் சரியாச் சொல்லுறான்.”

அவர் குடிக்கச் சொல்லிக் கையால் காட்டினார். ஒரு மிடறு குடித்தேன்.

“கைப்பு எப்பிடி?”

“சரியா இருக்கு, அத்தான்.”

“ம். அக்காட்டை இன்னும் சொல்லேல்லை. என்னால ஏலாது. நீர் போய் அடுப்பை நிப்பாட்டும்.”

குசினிக்குப் போனேன். கையை நீட்டி அடுப்பை நிறுத்தினேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். பாதி பொரிந்த மீனை எண்ணெயோடு குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு, சட்டியைக் கழுவத் தொடங்கினார்.