நாய் தின்ற ஈரல்

கஜகஸ்தான் புல்வெளியில், உலித்தாவ் மலைக்கு வடக்கே இருக்கிறது கோஸ்புலாக். அந்த ஊரில் குதிரைப் பால் கறப்பதில் குல்பாஷின் கைக்கு ஈடில்லை. கோடை முழுக்க நெடுஞ்சாலை ஓரத்தில் வெள்ளைக் கூடாரம் போட்டுப் புளித்த பால் விற்பாள். லாரிக்காரர்கள் கடன் சொன்னால் அவர்கள் வம்சத்தையே இழுத்துத் திட்டிவிட்டு, அப்புறம் ஊற்றிக் கொடுப்பாள். குளிர்காலத்தில் மாட்டுக்கு வைக்கோல், அடுப்புக்கு நிலக்கரி, இதற்கு நடுவில் புருஷன் துய்செனோடு மல்லுக்கட்டு. இதில் எது பெரிய வேலை என்று கேட்டால் யோசிக்காமல் புருஷனைக் காட்டுவாள்.

துய்சென் கெட்ட மனிதர் இல்லை. கொடுத்த வாக்கை மாற்றத் தெரியாது, அதுதான் வம்பு. மகள் ரௌஷானைத் தன் சிநேகிதன் மகனுக்கு என்று கைகொடுத்து வந்துவிட்டார். மகளிடம் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து தோடு போட்டு நிச்சயம் பண்ணுவதற்கு முதல் நாள், ஜெஸ்கஸ்கனில் ரயில் எஞ்சின் பழுது பார்க்கும் மெய்ராமோடு அவள் போய்விட்டாள்.

பெண் இப்படிப் போவது அங்கே புதுசு ஒன்றும் இல்லை. குல்பாஷே அந்தக் காலத்தில் இதே துய்செனின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு வந்தவள்தான். பையன் வீட்டார் மன்னிப்புக் கேட்டு வருவார்கள், வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அப்புறம் ஓர் ஆட்டை அறுத்து, அதன் வால் கொழுப்பையும் ஈரலையும் இரண்டு வீட்டாரும் ஊட்டிக்கொள்வார்கள். அது தொண்டையில் இறங்கிவிட்டால் சம்பந்தம் உறுதி, யாராலும் பிரிக்க முடியாது. அதுவரை பெண் தாய்வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது.

மெய்ராமின் அப்பா சாதுவகாஸ் முதல் தடவை வந்தபோது துய்சென் கதவையே திறக்கவில்லை. அடுத்த தடவை வெறும் தேநீரோடு அனுப்பிவிட்டார். இதற்குள் ரௌஷானுக்கு ஒரு பையன் பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டான். அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. குல்பாஷ் மாட்டுக் கொட்டகையில் ஒளிந்து நின்று கைப்பேசியில் பேரனைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவாள்.

முதல் பனி விழுந்த வாரத்தில் சாதுவகாஸ் குல்பாஷைக் கைப்பேசியில் கூப்பிட்டார்.

"அம்மா, வெள்ளிக்கிழமை வர்றோம். இதோட சரி. எனக்கும் ஊர்ல மூஞ்சி வேணுமில்ல?"

வெள்ளிக்கிழமை காலையில் துய்சென் ஆட்டை அறுத்தார். அவ்வளவு தூரம் பனியில் வருகிறவர்களைக் கறி போடாமல் அனுப்ப அவருக்கே மனம் வரவில்லை. குல்பாஷ் குடலைக் கழுவிவிட்டுத் திரும்பினால் தட்டில் ஈரலைக் காணோம். வாசலில் நாய் வாயை நக்கிக்கொண்டிருந்தது.

"ஈரல் எங்க?"

"அதுக்குப் போட்டேன்."

"நாய்க்கா? ஈரலையா?"

"விருந்தாளி வர்றாங்க, கறி தின்னுட்டுப் போகட்டும். சம்பந்தி யாரும் வரல."

"எங்கப்பா உங்கள ஒரே வாரத்துல ஏத்துக்கிட்டாரு. அவரும் நாய்க்குப் போட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும் சங்கதி."

"போடி கிழவி, தண்ணி கொதிக்குது பாரு."

குல்பாஷுக்கு அழக்கூட நேரமில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, தண்ணீர் எடுக்கப் போகிறவள் போல வாளியோடு அடுத்த வீட்டுக் கென்ஜேயிடம் ஓடினாள்.

"ஈரல் இருக்கா கென்ஜே?"

"ஃப்ரீசர்ல கல்லு மாதிரி கெடக்கு. உங்க வீட்டுலதான இன்னைக்கு ஆடு அறுத்தாங்க?"

குல்பாஷ் சொன்னாள். கென்ஜே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணே நாயோட சம்பந்தம் பண்ணிக்கிட்டாரா! இரு அக்கா, நானும் வர்றேன். இத பாக்காம எப்படி?"

வெந்நீரில் போட்டு இளக்கி, கென்ஜே வீட்டிலேயே வேக வைத்து, வாளியில் மூடி எடுத்து வந்தார்கள்.

சாதுவகாஸும் அவர் மனைவியும் இருட்டும் முன் வந்து சேர்ந்தார்கள். கறி, மாவுத் தகடு, பால் தேநீர் எல்லாம் ஆயிற்று. துய்சென் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் பனியையும் வைக்கோல் விலையையும் தாண்டிப் பேச்சு நகரவில்லை. சாதுவகாஸ் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கிளம்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் குல்பாஷ் அடுக்களையில் நின்ற கென்ஜேக்குக் கண்ணைக் காட்டினாள்.

அப்போது கென்ஜே தட்டோடு உள்ளே வந்தாள். வெள்ளையாக வால் கொழுப்புத் துண்டு, பக்கத்தில் கறுத்த ஈரல், மேலே தயிர்.

துய்சென் தட்டைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கென்ஜே அதற்குள் சாதுவகாஸின் வாயில் ஒரு பிடி அடைத்து, வழக்கப்படி மிச்சத் தயிரை மீசையில் பூசிவிட்டாள். அவர் மனைவியோ சிரித்துக்கொண்டே தானும் ஒரு பிடி எடுத்து, எழுந்து வந்து துய்செனின் வாய்க்கு நேரே நீட்டினாள். அவர் வாயைத் திறக்கவில்லை. நீட்டிய கையை அவள் இறக்கவும் இல்லை.

"நம்ம ஆட்டு ஈரல்தாங்க, பதமா வெந்திருக்கு, வாங்கிக்குங்க" என்றாள் குல்பாஷ், கண்ணைச் சிமிட்டாமல்.

இல்லை என்று அவர் எப்படிச் சொல்வார்? நம் ஆட்டு ஈரல் நாயின் வயிற்றில் இருக்கிறது என்று சம்பந்தி முன்னால், அதுவும் கென்ஜே முன்னால் சொன்னால், வசந்தம் வரை ஊருக்கு வேறு பேச்சே இருக்காது. நீட்டிய கையைத் தட்டிவிடவும் அவருக்கு வராது. வாயைத் திறந்தார்; தயிர் அவர் மீசையிலும் அப்பியது. மென்றார், வெகுநேரம் மென்றார். விழுங்கினார்.

சாதுவகாஸ் எழுந்து வந்து அவரை அப்படியே கட்டிக்கொண்டார். துய்செனின் கை கொஞ்ச நேரம் சும்மா தொங்கியது, பிறகு அவர் முதுகில் போய்ப் படிந்தது.

"போன் போடு" என்றார், பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல்.

குல்பாஷின் விரலெல்லாம் கொழுப்பு, எண் அழுந்தவே இல்லை. சம்பந்தியம்மாதான் வாங்கிப் போட்டுக் கொடுத்தாள்.

"ரௌஷான்" என்றார் துய்சென். "உன் பையனுக்கு என்ன பேரு வச்சிருக்க? எனக்கு யாரும் சொல்லல."

யாரும் சொல்லாததற்குக் காரணம் அவர்தான் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"யெராசில், அப்பா."

"யெராசில்" என்றார். இன்னொரு தடவை, "யெராசில்." கைப்பேசியைக் குல்பாஷிடம் நீட்டிவிட்டு, மீசையில் தயிரோடு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.