எதிராளிக்குப் படித்துக் காட்டிய அருணாசலண்ணன்

செய்தி வந்தபோது அவிநாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அருணாசலண்ணனின் மனைவி போனில் பேசினார். "அம்மிணி, உங்க அண்ணன் போயிட்டாருங்க." அவ்வளவுதான் சொன்னார். பாயசம் ஊற்ற வந்தவரிடம் வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு எழுந்தேன். அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அடுத்த அறிக்கையை என் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிட்டாரே இந்த மனுஷன்!

அவரை அறிந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பனியன் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டு, அருள்புரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே சின்னதாகக் கொள்கை ஆய்வு மையம் தொடங்கினார். "டெல்லியில உக்காந்து நம்மூருக்குச் சட்டம் எழுதறாங்க. நம்மூர்ல உக்காந்து நாம எழுதுனா என்னங்க?" என்பார். சாயக்கழிவு, தொழிலாளர் குடியிருப்பு, வடமாநிலப் பிள்ளைகளின் படிப்பு என்று கடைசிவரை எழுதிக்கொண்டே இருந்தார். சில பரிந்துரைகளை அரசு ஏற்றது. பலவற்றைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய தமிழைச் சரிபார்ப்பது என் வேலை. அவரோடு சண்டை போடுவதும்தான்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அறிக்கை அச்சுக்குப் போகும் முன், அது யாருக்கு எதிரானதோ அவரையே அழைத்து உட்காரவைத்து, முழுவதையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். அவர் சொல்லும் மறுப்பு அப்படியே கடைசி அத்தியாயமாகும். ஒருமுறை சாயப்பட்டறை முதலாளி ஒருவர் பாதியில் எழுந்து, "ஏனுங்க, என்னையத் திட்டறதுக்கு என்னையவே கூப்புட்டுக் காப்பி வாங்கிக் குடுக்கறீங்களா?" என்று கத்தினார். "மிச்சத்தையும் கேட்டுப்போட்டுக் கத்துங்க. இன்னொரு காப்பி சொல்லியாச்சுங்க," என்றார் அண்ணன். முதலாளியின் மறுப்பு எங்கள் அறிக்கையைவிட நன்றாக இருந்தது. அதுவும் அச்சானது.

பெரிய அடி, விடுதி அறிக்கையில்தான் விழுந்தது. தென்மாவட்டங்களிலிருந்து வந்த பெண்களைத் தங்கவைத்திருந்த சில கம்பெனி விடுதிகளில், வேலை நேரம் போக வாசல் பூட்டியே இருந்தது. அந்தப் பூட்டு கூடாது என்று எழுதினோம். வழக்கம்போல முதலாளிகளுக்குப் படித்துக் காட்டினோம். அதிகாரிகள் ஏற்றுக்கொண்டார்கள். இனிப்பு வாங்கிச் சாப்பிட்டோம். சில முதலாளிகளோ, திறந்த விடுதிக்கு யார் பொறுப்பேற்பது என்று விடுதியையே இழுத்து மூடிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா படியேறி வந்தாள். நெல்லைப் பக்கத்துப் பெண், தையல் பிரிவில் வேலை. அண்ணன் முன்னால் நின்றுகொண்டே கேட்டாள். "அண்ணாச்சி, பூட்டு வேண்டாம்னுதான் நாங்க சொன்னோம். இடமே வேண்டாம்னு யாரு சொன்னா? தனியா வந்த பொம்பளப் பிள்ளையளுக்கு இந்த ஊர்ல எவன் வீடு குடுப்பான்? எழுதுனத எங்ககிட்ட ஒரு தரம் படிச்சிக் காட்டுனியளா?"

காட்டவில்லை. எதிராளிகளையெல்லாம் கூப்பிட்டு வைத்துப் படித்தோம். இவர்கள் நம் பக்கம்தானே என்று விட்டுவிட்டோம்.

அவள் போன பிறகு அண்ணன் சொன்னார். "நாம தப்புப் பண்ணிட்டோம்னு ஒரு அறிக்கை போடோணுங்க அம்மிணி."

எனக்கு வந்ததே ஆத்திரம். "ஏனுங்ணா, கிறுக்குப் புடிச்சிருச்சுங்களா? நாளைக்கு நம்மள யாரு நம்புவா? ஊரே கைகொட்டிச் சிரிக்குமுங்க!"

"சிரிக்கட்டுமுங்க. நம்ம பேரக் காப்பாத்தவா மையம் வெச்சோம்?"

போட்டார். ஊரும் சிரித்தது. கூட இருந்த சிலர் நாசூக்காக விலகிக்கொண்டார்கள். நான் பயந்ததில் தப்பில்லை என்று இன்றும் சொல்வேன். ஆனால் விடுதியை மூடுகிற கம்பெனி மாற்று இடம் தர வேண்டும் என்ற யோசனை அந்த அறிக்கையில்தான் வந்தது. அதைப் படித்துவிட்டுச் சில கம்பெனிகள் விடுதிகளை மறுபடி திறந்தன, பூட்டில்லாமல். கடைசி அத்தியாயம் ஜெசிந்தாவுடையது.

அவர் படுக்கையில் இருந்தபோது புது அறிக்கையைப் படித்துக் காட்டலாம் என்று வீட்டுக்குப் போனேன். கையை ஆட்டித் தடுத்தார். "எனக்கெதுக்குங்க படிக்கறீங்க? நான் ஒத்துக்குவேன். ஒத்துக்காதவங்ககிட்டப் போங்க." சிரிக்கப் பார்த்தார். இருமல் விடவில்லை. நான் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன்.

அவருடைய மேசையை யாராவது எடுத்துக்கொள்ளட்டும், புத்தகங்களை நூலகம் கேட்கிறது. நான் வைத்துக்கொள்வது அந்த வழக்கத்தை மட்டும்தான். அதனால் இந்த அஞ்சலியையும் பல்லடத்தில் ஜெசிந்தாவின் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே சேர்க்கிறேன்.

"நல்லா எழுதிருக்கிய அக்கா. அண்ணாச்சி நல்ல மனுசருதான். ஆனா ஹாஸ்டல மூடுன பெறவு எந் தங்கச்சிய அப்பா வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாவ. போன கையோட கட்டிக் குடுத்துட்டாவ. வேலை பாத்துக்கிட்டே நர்ஸுக்குப் படிக்கணும்னு இருந்தவ. அண்ணாச்சி வருத்தப்படுவாவன்னு நான் சொல்லவே இல்ல. அவ இதுல எங்கயும் இல்லியே அக்கா?"